அவளிடம் சொல்லாதீர்கள்

கடமலைக்குண்டில் ஒரு மகளிர் குழுக் கூட்டம். குழுவின் கணக்கு நோட்டைச் சரிபார்த்துக் கொடுக்க மதினி என்னையும் கூட்டிப்போயிருந்தார். அன்றைக்கு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். பேச வந்த பொருள், 'உங்களை நீங்களே கவனித்துக்கொள்ளுங்கள்.' ஆளுக்கொரு தாளும் நாலைந்து கலர் பென்சிலும் கொடுத்தார்கள். தாளில் 24 கட்டம். ஒரு கட்டம் ஒரு மணி நேரம். தூக்கத்துக்கு எட்டுக் கட்டம் நீலம், வேலைக்கு எட்டுக் கட்டம் மஞ்சள். மிச்சம் எட்டைச் சமையல், குடும்பம், உடற்பயிற்சி, தியானம், 'எனக்கே எனக்கான நேரம்' என்று பங்கு போட்டு நிரப்ப வேண்டும்.

எல்லாரும் அக்கறையாகத்தான் உட்கார்ந்து தீட்டினார்கள். மதினி ராத்திரி பத்தரைக்கு நீலத்தை ஆரம்பித்து நாலரையில் நிறுத்தினார். பிறகு பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "தண்ணி ஒரு நாளைக்கு ஒரு நேரத்துக்கு வருது தம்பி, அதை எந்தக் கட்டத்துல போட?" என்று மெதுவாகக் கேட்டார். நான் யோசிப்பதற்குள் அவருக்குப் பக்கத்தில் இருந்த அக்கா கேட்டார்: "ராத்திரி மாமியாவை ரெண்டு தடவை வெளிக்குக் கூட்டிட்டுப் போறேன். அது தூக்கக் கட்டமா, வேலைக் கட்டமா?"

பேச்சாளர் நல்ல மனிதர். கேள்வியைக் காதில் வாங்கிக்கொண்டார். "எப்படியாவது ஒரு பத்து நிமிடமாவது உங்களுக்காக ஒதுக்குங்கம்மா. மனசு வைத்தால் முடியும்" என்றார்.

மனசு வைத்தால் முடியும் என்கிற அந்தப் பேச்சை நான் மறுக்கிறேன். அதை அவர் ஒருவர் சொல்லவில்லை. வார இதழ் சொல்கிறது, யூடியூப் சொல்கிறது, டாக்டர் சீட்டு எழுதும்போது சொல்கிறார், படித்த மகள் போனில் அம்மாவிடம் சொல்கிறாள். காலையில் சீக்கிரம் எழு, நட, தண்ணீர் குடி, நேரத்துக்குச் சாப்பிடு, எட்டு மணி நேரம் தூங்கு, மனதை லேசாக வை. ஒன்றுகூடத் தப்பில்லை. ஆனால் அத்தனையும் தப்பான காதில் சொல்லப்படுகிறது. ஒரு வீட்டில் ஒருத்தி உட்கார வேண்டுமானால் இன்னொருவர் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்க வேண்டியவரிடம் ஒரு வார்த்தை பேசாமல், உட்கார முடியாதவளிடமே 'உட்காரு, உட்காரு' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவள் உட்காரவில்லை என்றால், 'சொன்னோம், கேட்கவில்லை' என்று பழியையும் அவள் தலையிலேயே வைத்துவிடுகிறோம்.

அந்தப் பத்து நிமிடத்துக்கே ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய அரசு 2019-ல் நாடு முழுக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பெண்கள் 100 பேரில் 81 பேர் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்தார்கள். ஆண்கள் 100 பேரில் 26 பேர். செய்த பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், செய்த ஆண்களுக்கு 97 நிமிடம். குழந்தையையும் கிழவியையும் பார்த்துக்கொள்வது இதில் சேராது, அது தனிக் கணக்கு. 2024-ல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88.

299, 289. ஐந்து வருடத்தில் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. கேஸ் அடுப்பு, குழாய், மிக்ஸி எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்திருக்கலாம். ஆணின் நிமிடமும் குறைந்திருப்பதைப் பார்த்தால், அவள் இறக்கிவைத்ததை அவன் தூக்கிக்கொண்டான் என்று சொல்லத் தோன்றவில்லை. ஒரு தேசமே ஐந்து வருடம் எடுத்துக்கொண்ட பத்து நிமிடத்தை, நாளைக்குக் காலையிலேயே மனசு வைத்து எடுத்துவிடு என்று கடமலைக்குண்டுக்காரியிடம் சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

அந்த எட்டு, எட்டு, எட்டுக் கட்டத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தனக்கு என்று நாளைப் பிரித்தது பிரிட்டனின் ராபர்ட் ஓவன் காலத்துக் கோரிக்கை. சிகாகோவில் 1886 மே மாதம் தொழிலாளிகள் உயிரைக் கொடுத்தது அதற்காக. சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் 1923-ல் மே தினம் கொண்டாடியதும் அந்த வழியில்தான். சரியாக நூறு வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்து எழுந்தன. அந்த மே தினத்தன்றே அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். யாரும் தொழிலாளியிடம் கலர் பென்சிலைக் கொடுத்து, 'உன் நாளை நீயே சரியாகப் பங்கு போடு' என்று சொல்லவில்லை. முதலாளியிடமும் அரசிடமும் கேட்டார்கள். ஆண் தொழிலாளிக்குக் கோரிக்கையாக இருந்தது, எங்கள் ஊர்ப் பெண்ணிடம் வந்து சேரும்போது அறிவுரையாக மாறிவிட்டது.

'தன்னைக் கவனித்தல்' என்கிற சொல்லும் அப்படித்தான் தேய்ந்தது. அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே அது ஊர் கூடிச் செய்யும் காரியமாக இருந்தது. கருஞ்சிறுத்தைகள் கட்சியினர் 1969-ல் ஓக்லாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசக் காலைச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். இலவச வைத்திய முகாம் நடத்தினார்கள். அரசு நம்மைக் கவனிக்காது, நாம்தான் நம்மைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதில் இருந்த 'நாம்' பன்மை. கவிஞர் ஆட்ரி லார்ட் 1980-களில் புற்றுநோயோடு போராடியபடி தன்னைக் காப்பதைப் பற்றி எழுதியதும் அந்தப் பன்மையின் நடுவில் நின்றுதான். உலகச் சுகாதார நிறுவனம் இதற்கு எழுதிவைத்திருக்கும் விளக்கத்தில்கூடத் தனிமனிதரோடு குடும்பமும் சமூகமும் சேர்ந்தே வருகின்றன. நம்மிடம் வந்து சேர்ந்தபோது குடும்பமும் சமூகமும் வழியில் எங்கோ இறங்கிவிட்டன. வாசனைச் சோப்பும் முகப்பூச்சும் ஏறிக்கொண்டன.

தமிழில் இதற்கு ஒரு சமாதானம் தயாராக இருக்கிறது. 'சுவரை வைத்துத்தான் சித்திரம்.' கூட்டத்தில் பேச்சாளரும் அதைச் சொன்னார், பெண்கள் தலையாட்டினார்கள். எனக்கு நெஞ்சு வலித்தது. அவள் ஏன் தூங்க வேண்டும்? நாளைக்குப் பிள்ளைக்குச் சோறாக்க. ஏன் சத்தாகச் சாப்பிட வேண்டும்? புருசனுக்கும் மாமியாருக்கும் ஓடியாட. அவள் சுவர், மற்றவர்கள் சித்திரம். அவள் ஓய்வுக்குக்கூட அடுத்தவர் வேலைதான் காரணமாக இருக்க வேண்டுமா? உடம்பு வலிக்கிறது, படுக்கிறேன் என்று ஒரு மனுசி சொன்னால் அந்த ஒரு காரணம் போதாதா? நல்ல எண்ணத்தோடு சொல்லப்படும் இந்தப் பழமொழியைப் பெண்களின் கூட்டங்களில் இனி யாரும் எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அப்படியானால் அவள் தனக்காகச் செய்துகொள்ள ஒன்றுமே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறது. சர்க்கரை உள்ளவர் தினமும் ராத்திரி உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்தக் கூடாது. புகையிலை போடுகிறவர் விட வேண்டும். இதையெல்லாம் வேறொருவர் வந்து செய்ய முடியாது. ஆனால் அந்த மாத்திரையையே கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள்.

என் சித்தி ஒருவருக்குச் சர்க்கரை. சீட்டில் ஒரு மாத்திரைக்கு 'சாப்பாட்டுக்கு முன்' என்று போட்டிருந்தது. சித்தி ஒழுங்கானவர். காலையில் அடுப்பிலிருந்து சோற்றை இறக்கியதும் மாத்திரையைப் போட்டுவிடுவார். சோறு வெந்துவிட்டது, சாப்பாடு தயார், ஆகவே இது சாப்பாட்டுக்கு முன். அதற்குப் பிறகு மகனுக்குத் தூக்குவாளி, பேரப்பிள்ளைக்கு டப்பா, சித்தப்பாவுக்கு இலை, மாட்டுக்குக் கழுநீர். எல்லாரும் சாப்பிட்டு எழுந்து, பாத்திரத்தை ஒதுங்கவைத்து, அவர் தட்டில் சோறு போடும்போது ஒன்பதரை தாண்டிவிடும். ஒரு நாள் அந்தத் தட்டோடு கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டி விழுந்துவிட்டார். சர்க்கரை இறங்கிவிட்டது என்றார்கள். கொஞ்சம் சீனியைக் கரைத்து வாயில் ஊற்றி எழுப்பினோம்.

அந்த வீட்டில் 'சாப்பாடு' என்றால் எல்லாருடைய சாப்பாடும்தான். தன்னுடைய சாப்பாடு என்று ஒன்று தனியாக இருப்பதாகவே சித்திக்குத் தோன்றியதில்லை. அவர் மாத்திரையை மறக்கவில்லை, ஒழுங்கு தவறவில்லை, மனசு வைக்காமல் இல்லை. எழுதிக் கொடுத்தபடி செய்தார், விழுந்தார். பிறகு டாக்டர் மறுபடி சித்தியைத்தான் கண்டித்தார்: "நேரத்துக்குச் சாப்பிடணும்மா." கூடப் போன சித்தப்பாவும் நானும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தோம். எங்கள் இரண்டு பேரிடமும், 'இனிமேல் அந்த அம்மா முதலில் சாப்பிடட்டும், நீங்கள் அப்புறம் சாப்பிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வைத்தியம் அங்கேயே பாதி முடிந்திருக்கும். எங்களுக்கும் அது தானாகத் தோன்றவில்லை. அதை நினைக்கும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நிறையத் தண்ணீர் குடி என்கிற அறிவுரையும் இப்படித்தான். தோப்பிலும் காட்டிலும் களையெடுக்கப் போகிற பெண்கள் காலையிலிருந்து தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். ஒதுங்க இடமில்லை. நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் அங்கேயும் 'தண்ணி குடிக்கிறதே இல்லையாம்மா?' என்று கேட்கிறார்கள்.

முன்னோர்கள் எவ்வளவு அழகாக வாழ்ந்தார்கள், நாம்தான் விட்டுவிட்டோம் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதியைக் காட்டுகிறார்கள். எண்ணெய்க் குளியலுக்கும் வெந்நீருக்கும் பேதிமருந்துக்கும் அதில் முறை இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த வெந்நீரை யார் காய வைத்தார்கள்? சனிக்கிழமை ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்த வீட்டில் விறகும் சீயக்காயும் துவைக்கிற எண்ணெய்த் துணியும் யார் பங்கு? ஆனால் அந்தப் பழைய வழக்கத்தில் நான் மதிக்கிற ஒன்று உண்டு. எண்ணெய்க் குளியல் தனியாளாகச் செய்கிற காரியமாக இருக்கவில்லை. அப்பத்தா தலையில் சூடு பறக்க அரக்கித் தேய்க்கும், இன்னொருத்தி முதுகு தேய்த்துவிடுவாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு என்று வைத்ததும் அதனால்தான். பெற்றவள் படுத்திருக்க வேண்டும் என்றால் வேறொருத்தி எழுந்து நடமாட வேண்டும் என்று தெரிந்தே அந்த ஏற்பாட்டைச் செய்தார்கள். 'உடம்பைப் பார்த்துக்கோ' என்பதைத் தமிழில் ஒருவர் இன்னொருவரிடம் சொல்கிறார், அதுவும் பிரிந்து போகும்போது. கூட இருக்கிறவரை நான் பார்த்துக்கொள்வேன், இல்லாதபோதுதான் நீ பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

எங்கள் ஆண்டிபட்டித் தொகுதியில் 1984-ல் ஜெயித்த எம்.ஜி.ஆர்., அந்தத் தேர்தலின்போது அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். அவருக்கு அண்ணன் மகள் லீலாவதி சிறுநீரகம் கொடுத்தார். நாடே வேண்டிக்கொண்டது. பெரிய மனிதருக்கு உடம்பு முடியாமல் போனால் அடுத்தவர் கை வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிகிறது. காட்டுவேலைக்காரிக்கு மட்டும் அது மனவுறுதி விஷயமாகிவிடுகிறது.

கடமலைக்குண்டு இலவங்காட்டு ஊர். கோடையில் காய் வெடிக்கும் பருவத்தில் வருசநாடு, மயிலாடும்பாறை வரைக்கும் களத்தில் காய் காயும். ஓட்டை உடைத்து, பஞ்சைப் பிரித்து, குச்சியால் அடித்துக் கொட்டையை உதிர்ப்பார்கள். மூக்கையும் வாயையும் சேர்த்துச் சீலைத் தலைப்பால் கட்டியிருப்பார்கள். அதையும் தாண்டிப் பஞ்சு உள்ளே போகும். சாயங்காலம் வீடு திரும்பும் பெண்ணின் இமைமுடியில் வெள்ளையாக ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி முழுக்க இருமல். அந்தப் பஞ்சு மெத்தையாகவும் தலையணையாகவும் ஆகி எங்கெங்கோ போகிறது. நல்ல தூக்கத்துக்கு நல்ல தலையணை வேண்டும் என்று எழுதுகிறவர்கள், அந்தத் தலையணைக்குப் பஞ்சு பிரித்தவள் எப்போது தூங்கினாள் என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம். அவள் இருமலுக்குத் தியானம் மருந்தில்லை. முகக்கவசமும், காற்றோட்டமான களமும், கூலி குறையாத ஓய்வும்தான் வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் பஞ்சு வியாபாரி.

கம்பம், கூடலூர், போடிப் பக்கத்துப் பெண்கள் ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு குமுளியும் போடிமெட்டும் ஏறுகிறார்கள். அவர்கள் எத்தனை மணிக்கு எழுந்திருப்பது என்பதை ஜீப் முடிவு செய்கிறது.

அப்படியானால் இந்தப் பெண்களுக்கு உண்மையிலேயே ஓய்வைக் கொடுத்தது எது? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த வருடம் எங்கள் பக்கமும் வந்தது. அது பிள்ளைகளின் சத்துக்காக வந்த திட்டம். ஆனால் ஒரு தாயின் காலையில் அரைமணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது. 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனது. கண்டமனூர் விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போய்வரப் புருசனிடம் காசு கேட்டு நிற்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லாமல் போனது. மக்களைத் தேடி மருத்துவம் அதே வருடம் ஆகஸ்டில் வந்தது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாசலுக்கே வந்ததால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பது குறைந்தது. 2005-ல் வந்த வேலை உறுதிச் சட்டம் வேலை நடக்கும் இடத்தில் குடிநீரும் நிழலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும் என்று எழுதியிருந்தது. எத்தனை இடத்தில் அது நடந்தது என்பது வேறு சண்டை. ஆனால் எழுத்தில் இருந்ததால் கேட்க முடிந்தது.

ஜவுளிக்கடைப் பெண்களை நினைத்துப் பாருங்கள். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நின்றுகொண்டே இருந்து கால் நரம்பு சுருண்டுபோன பிள்ளைகள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெந்நீரில் கால் வைக்கச் சொன்னவர்கள் ஏராளம். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் சேர்ந்து குரல் கொடுத்தார்கள், 2018-ல் கேரளா சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவருக்கு உட்கார இருக்கை கொடுத்தாக வேண்டும் என்றது. ஒரு ஸ்டூல். எத்தனை வருட வெந்நீராலும் ஆகாததைச் செய்யக்கூடியது அந்த ஸ்டூல்.

எப்போதும் கடைசியில் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. நேரமில்லை என்கிறாள், ராத்திரி சீரியல் மட்டும் பார்க்கிறாளே? பார்க்கிறாள். அப்போது அவள் கையையும் பாருங்கள். மடியில் முறம் இருக்கும், மறுநாளைக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள், இல்லை பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். கண்ணும் காதும்தான் டிவியில். நிஜமாகவே கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள் என்றே வைத்துக்கொள்வோம். அதுதானே நீங்கள் கேட்ட, 'எனக்கே எனக்கான நேரம்'? டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் பேப்பர் படிக்கிற ஆணிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் மதினி தாளை மடித்துக் கணக்கு நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். தண்ணீர் எந்தக் கட்டம் என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லியிருக்கவில்லை. வழியில் நானும் பேசாமல்தான் நடந்தேன். வீட்டில் அண்ணன் திண்ணையில் இருந்தார். மதினி காலைக் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனார்.

அந்தப் பேச்சாளர் மறுபடி எங்கள் ஊருக்கு வரட்டும். அவர் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் அடுத்த தடவை குழுக் கூட்டத்துக்கு வேண்டாம். காலை ஆறரைக்கு டீக்கடைக்கு வரட்டும், சாயங்காலம் ஆற்றுப்பாலத்தில் நாங்கள் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது வரட்டும், தோப்புக்காரர்களும் பஞ்சு வியாபாரிகளும் கூடுகிற இடத்துக்கு வரட்டும். தாளுக்கும் பென்சிலுக்கும் ஆகும் செலவை நான் தருகிறேன். முதல் தாளை என்னிடமும் இரண்டாவதை அண்ணனிடமும் கொடுக்கட்டும். குழாயில் தண்ணீர் எந்த நேரத்துக்கு வந்தாலும் சரி, அது எங்கள் இரண்டு பேரில் ஒருவர் கட்டத்தில் போகும்.